வெளுக்கப் போன காக்கிச் சேலை

காலைக் கொஞ்சம் ஒடுக்கிக்கொள்ளுங்கள் அம்மா, இந்தக் கொப்பரையைக் கீழே வைக்க முடிகிறதா பார்க்கிறேன். இல்லை, வேண்டாம். எவனோ வெற்றிலையைத் துப்பி வைத்திருக்கிறான். மடியிலேயே இருக்கட்டும். கோவில்பட்டியிலிருந்து பாளையங்கோட்டை வரைக்கும் இட்லிக் கொப்பரையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போகிற பொம்பளை இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

புதிதா என்கிறீர்கள். புதிதுதான், இன்னும் அடுப்பில் ஏறவில்லை. ஆனால் கடையில் வாங்கினதில்லை. பழைய துணி போட்டு எடுத்தது. இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் துணியை வாங்கிப் போகலாம் என்றுதான் காலையில் இதே ரோட்டில் வந்தேன். கொடுத்த பாத்திரத்தைத் திருப்பி எடுக்கிற வழக்கம் அவர்களுக்குக் கிடையாதாம். சரி, அதை வரிசையாகச் சொல்கிறேன். எண்ணெய் வாடை வருகிறதா? என்மேல் இருந்து இல்லை, கொப்பரைக்குள்ளிருந்து. மூடியை அழுத்தித்தான் பிடித்திருக்கிறேன், அப்படியும் வருகிறது.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடப்பது என் மைனி, வீட்டுக்காரருடைய அக்கா. இன்றைக்கோ நாளைக்கோ என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். உயிர் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும் என்று எனக்கு ஒன்றுமில்லை. போய் நான் என்ன செய்யப்போகிறேன், இருபத்தாறு வருஷமாகப் பார்த்த முகம்தானே. சவப்பெட்டி மூடுவதற்குள் போனால் போதும். பெட்டி மூடுவதற்குள் ஒரு சேலை அங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் அந்த வீட்டில் குடியிருக்க முடியாது. என் வீட்டுக்காரர் குரல் உயர்த்துகிற ஆள் இல்லை. குரல் உயர்த்துகிற ஆளாக இருந்தால் சண்டை போட்டு முடித்துவிடலாம். இவர் பேசாமல் இருந்துவிடுவார். சாகிறவரைக்கும் பேசாமல் இருப்பார். அதை யார் தாங்குவது?

என்ன பெரிய சேலை என்கிறீர்களா? காக்கிச் சேலை.

சிரிக்காதீர்கள். கல்யாணமாகி வந்த புதிதில் நானும் சிரித்தேன். பச்சை டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார் மைனி. அடியில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் இந்தச் சேலை, காக்கி ஜாக்கெட்டு, ஒரு விசில், தகர டம்ளர், சட்டையில் குத்துகிற பித்தளை வில்லை ஒன்று. ஒரு போட்டோவும் உண்டு. ஆம்புலன்ஸ் வண்டி முன்னால் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், பாதிப் பேர் ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரிகள், அவர்கள் கவுனில். நம்முடைய பெண்கள் சேலையில். “இதுல நான் எங்கே இருக்கேன் சொல்லு புளோரா” என்றார். நான் யாரையோ காட்டினேன். தப்பு. வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது மைனி.

ஏசுவடியாள் என்று பெயர். உபதேசியார் மகள், வேறு என்ன பெயர் வைப்பார்கள். வெள்ளைக்காரன் ஜப்பான்காரனோடு சண்டை போட்டானே, அப்போது பெண்களையும் பட்டாளத்தில் எடுத்தான். துப்பாக்கி பிடிக்க இல்லை. டெலிபோன், டைப்பு, வண்டி ஓட்டுவது, இப்படி. பெண்கள் துணைப்படை என்று பெயர். மைனி டீச்சர் டிரெயினிங் படித்துவிட்டு வீட்டில் இருந்தவர், ஒருத்தரிடமும் சொல்லாமல் மெட்ராஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கிருந்து வங்காளத்துப் பக்கம் அனுப்பினார்கள். ரயிலில் வந்து இறங்குகிற காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஏசுவடியாள் என்று சொல்ல அங்கே எவனுக்கும் வாய் வராதாம், எஸ்ஸி என்று கூப்பிடுவார்களாம். எங்கள் வீட்டு நாய்க்கு ஜிம்மி, இவருக்கு எஸ்ஸி என்று நான் ஒரு தடவை சொன்னேன். வேடிக்கைக்குத்தான். மைனியும் சிரித்தார்.

சண்டை முடிந்தது, படையைக் கலைத்தான், போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டான். வந்தால் ஊர் சும்மா இருக்குமா? நான் சொல்லவில்லை, ஊர் சொன்னது. பட்டாளத்தில் ராத்தங்கினவள் என்றது. கோயிலில் மைனி உட்கார்ந்த பாயில் வேறு பெண்கள் உட்கார மாட்டார்களாம். உபதேசியார் பிரசங்கம் செய்துகொண்டிருப்பார், மகள் கடைசிப் பாயில் தனியாக. அதற்கப்புறம் மாப்பிள்ளை எங்கே வருவான். மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்து ரிடையர் ஆகி எங்களோடு வந்து இருந்துவிட்டார். நான் ஒருநாளும் அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சனிக்கிழமை சனிக்கிழமை அந்த வில்லையைத் தேய்க்கிறேன் என்று என் புளியை எடுப்பார். ஒரு எலுமிச்சங்காய் அளவு புளி. வீட்டில் ரசம் வைக்கப் புளி இல்லை, பட்டாளத்து வில்லை மட்டும் பளபளவென்று இருக்கிறது. அதைச் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? அதிலிருந்து குழம்புக்குக் கரைத்துப் போட்ட சக்கையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

என் மகள் பியூலாவைப் பெண் பார்க்க வந்தபோது, மைனி பிற்பாடு சுவரில் மாட்டியிருந்த அந்தப் போட்டோவைக் கழற்றி உள்ளே வைத்தேன். வருகிறவர்கள் நூறு கேள்வி கேட்பார்கள். மைனியே புரிந்துகொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். அந்த மட்டில் நல்ல குணம். அவர்கள் போகிறவரைக்கும் கிணற்றடியில் நின்றார், தும்மல்கூடப் போடவில்லை.

கயத்தாறு வந்துவிட்டதா? இவன் ஏன் இவ்வளவு நேரம் நிறுத்துகிறான். டீ குடிக்க நேரம் பார்த்தான்.

இப்போது கேளுங்கள். போன மாதம் மைனிக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டது. பேச்சும் குழறல். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைக்க வேண்டும், கேட்கிற நமக்குப் பொறுமை வேண்டும். எனக்கு ஏது பொறுமை. ஒருநாள் ‘ஜன்னல்’ என்று சொல்ல ஆரம்பித்து அவர் முடிப்பதற்குள் நான் வெந்நீர், கஞ்சி, போர்வை எல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டேன். இந்த லட்சணத்தில் கிறிஸ்மஸ் வருகிறது. உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, கிறிஸ்மஸுக்கு முன்னால் எங்கள் வீடுகளில் வெள்ளையடித்தாக வேண்டும். தெருவில் எல்லா வீடும் வெளுத்து நிற்கும்போது நம் வீடு மட்டும் அழுக்காக நின்றால் கேரல் பாடி வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள். நான் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செக்ரட்டரி வேறு. அதனால் சாமான் எல்லாவற்றையும் வாசலில் எடுத்துப் போட்டோம். மைனியின் கட்டிலையும் மைனியோடு தூக்கி வாசலில் போட்டோம். வெயில் படட்டும், நல்லதுதானே.

டிரங்குப் பெட்டியும் வெளியே வந்தது. அதற்குப் பூட்டுக் கிடையாது. பட்டாளத்தில் பெட்டியைப் பூட்டக் கூடாது, சோதனைக்கு வருவார்கள் என்று அந்தக் காலத்தில் சொன்னதை அப்படியே கடைப்பிடித்தார். திறந்தேன், ஒரு கரப்பான் பாச்சை ஓடியது. எனக்குப் பாச்சை என்றால் ஆகாது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் பாத்திரக்காரன் வருகிறான், பழைய துணிக்குப் பாத்திரம் என்று. பழைய துணியையும் பாச்சையையும் வைத்துக்கொண்டு புது வெள்ளையடித்த வீட்டுக்குள் மறுபடியும் எப்படிப் போவது? வேட்டி, பியூலாவின் பழைய பாவாடை, என் பழைய வாயில் துணிச் சேலை, எல்லாம் எடுத்துப் போட்டேன். இந்தக் காக்கியையும் போட்டேன். அதைக் கட்டிக்கொண்டு யார் எங்கே போகப்போகிறார்கள். கையும் காலும் வராத மனுஷி.

அவன் மைனியின் கட்டில் காலடியில்தான் மூட்டையை இறக்கி உட்கார்ந்தான். நிழல் அங்கேதான் இருந்தது. இட்லிக் கொப்பரையைக் காட்டினேன். கொப்பரை தருகிறேன், தட்டு தருகிறேன், மூடி மட்டும் தரமாட்டேன் என்கிறான். மூடி இல்லாத கொப்பரையில் எப்படி இட்லி அவிப்பது? “துணி இன்னும் போடும்மா” என்கிறான். காக்கியை உதறிப் பார்த்தான். “இது என்னம்மா, கண்டக்டர் துணியா?” என்றான். “சேலைய்யா, கண்ணு தெரியலையா?” என்றேன். “சேலைன்னா முந்தானை எங்கே? பாதியிலே நிக்குதே. ஒரே ஓட்டையா வேற இருக்கும்.” இப்படிப் பழித்துத்தான் இவர்கள் விலை குறைப்பார்கள். நானும் விடவில்லை.

அப்போது கட்டிலில் இருந்து மைனி பேசினார். அன்றைக்கு முழுவதும் வாயைத் திறக்காதவர். “அதுல ஓட்டை கிடையாது” என்றார். குழறலாகத்தான், ஆனால் முழுசாகச் சொன்னார். “கிழிஞ்ச இடம் பூரா நானே இழை ஓட்டியிருக்கேன்.”

“கேட்டீரா? பெரியவங்களே சொல்லுதாங்க” என்றேன் நான். அவன் மூடியை எடுத்துக் கொடுத்துவிட்டான். இந்த மூடிதான். மைனியின் வார்த்தைக்கு வந்த மூடி. சொல்லக் கூடாது, சமயத்தில் உதவுவார்.

ஆமாம் அம்மா, உதவத்தானே செய்தார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள்தான். முந்தாநாள் மூச்சு இழுக்க ஆரம்பித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பேசிவிட்டுப் போனதும் என் வீட்டுக்காரர் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். “புளோரா, அக்கா பெட்டியிலே காக்கிச் சேலை இருக்குல்லா, அதை எடுத்துட்டு வந்திரு” என்றார்.

“எதுக்கு?” என்றேன்.

“செத்தா அதைத்தான் கட்டிவிடணும்னு எங்கிட்ட எப்பவோ சொல்லியிருக்கா. வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“வெள்ளைச் சேலைதான் கட்டணும். சங்கத்துப் பெண்டுகள் எல்லாம் வருவாக. பெட்டியைச் சுத்தி நின்னு போட்டோ எடுப்பாக. காக்கியைக் கட்டி வச்சா போலீஸ்காரி செத்துட்டான்னு நெனப்பாக” என்றேன்.

அப்போது சொன்னார், அந்த முந்தானைக் கதையை. ஒருநாள் ஆம்புலன்ஸில் ஒரு பையனுக்குத் தொடையில் ரத்தம் நிற்கவில்லை. கட்டுத் துணி தீர்ந்துவிட்டது. மைனி வண்டியை நிறுத்தி, முந்தானையைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிட்டு மறுபடியும் ஓட்டினாராம். வழியில் பாலத்தில் ஒரு பெரிய ஆபீசருடைய கார் குறுக்கே நிற்கிறது, விலகவில்லை. மைனி இறங்கிப் போய், “ஆஸ்பத்திரிக்குப் போற வண்டி, எந்த ராஜா வந்தாலும் வழி விடணும்” என்று சொல்லி நகர்த்தச் சொன்னாராம். நகர்த்தினார்களாம். அந்தப் பையன் பிழைத்தானா என்று கடைசிவரை தெரியாது. வேறு சேலை கொடுத்தார்கள், மைனி இதைத் திருப்பிக் கொடுக்காமல் பாதிச் சேலையாகவே வைத்துக்கொண்டார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? இருபத்தாறு வருஷத்தில் ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை, தம்பியும் சொல்லவில்லை. நீங்கள் கேட்டீர்களா என்று கேட்பீர்கள். கேட்டால்தான் சொல்வதா? புளி எடுக்கும்போது நான் கேட்டேனே, எதற்கு என்று. அப்போது சொல்லியிருக்கலாமே. “பளபளன்னு இருந்தா மனசுக்கு நல்லாயிருக்கு” என்றுதான் சொன்னார். இதை வைத்து நான் என்னவென்று நினைப்பது?

சேலை இல்லை என்று அவரிடம் நான் சொல்லவில்லை. இரண்டு பேரும் உள்ளே போனோம். இவர் குனிந்து, “அக்கா, ஒன் சேலையைக் கொண்டாரச் சொல்லியிருக்கேன்” என்றார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மைனி என்னைப் பார்த்தார். கண்ணை எடுக்காமலே தம்பியிடம், “அது வெளுக்கப் போயிருக்கு” என்றார். “புளோராதான் போட்டா. வரும்.”

நல்லவேளை. புத்தி தடுமாற்றம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எதையோ நினைத்து எதையோ சொல்லிவிட்டார். எப்படியோ எனக்கு ஒருநாள் கிடைத்தது. என் வீட்டுக்காரர் சரி என்றுவிட்டார். அவருக்குத் துணி வெளுக்கப் போவதும் தெரியாது, வருவதும் தெரியாது.

நேற்று முழுவதும் பாத்திரக்காரனைத் தேடினேன். ஜங்ஷன் பக்கம் அவர்கள் கூட்டமாகத் தங்குகிற இடத்தில் ஒருத்தி சொன்னாள், துணி மூட்டை எல்லாம் கோவில்பட்டியில் ஒரு கிட்டங்கிக்கு, குடோனுக்கு, போய்விட்டது என்று. இன்றைக்குக் காலையில் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். வீட்டுக்காரரிடம் வெள்ளாவிக்காரன் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பையில் ஒரு வெள்ளைச் சேலையும் வைத்துக்கொண்டேன், ஒன்றும் கிடைக்காவிட்டால் அதையாவது கட்டிவிடலாம் என்று. எனக்கென்று எடுத்து வைத்திருந்தது, சன்னமான கரை போட்டது. நான் போகும்போது எனக்குக் கட்டட்டும் என்று.

கிட்டங்கியைப் பார்த்தீர்களானால் உங்களுக்கு மயக்கம் வரும். உத்தரம் வரைக்கும் பழைய துணி. அடியில் பெண்கள் உட்கார்ந்து பிரிக்கிறார்கள். கட்டுகிற சேலை ஒரு பக்கம், கிழிக்கிறது ஒரு பக்கம். என்னுடைய வாயில் சேலையை அங்கே பார்த்தேன், அடையாளம் தெரிந்தது, அதை விட்டுவிட்டேன். மேஸ்திரியிடம் கொப்பரையை நீட்டினேன். அவன் கொப்பரையைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், “எனக்கு எதுக்கும்மா இது, நான் ஓட்டல்ல திங்கிறவன்” என்கிறான். காக்கி எங்கே என்றேன். பிரிக்கிறவர்களில் ஒருத்தி தலையைத் தூக்காமலே சொன்னாள்: “காக்கி வந்ததும் கிழிச்சாச்சு. கெட்டித் துணி, எண்ணெய் நல்லா இழுக்கும். லாரி செட்டுக்குக் கொடுத்திருக்கும்.”

கிழித்தாயிற்று என்றால் என்ன அர்த்தம் என்று கத்தினேன். அவள் கிழித்துக் காட்டினாள், வேறு ஒரு துணியை. இப்படித்தான் என்று.

லாரி செட்டு அடுத்த தெரு. ஒரு மெக்கானிக் இன்ஜினுக்குள் தலையை விட்டு நிற்கிறான். கையில் காக்கித் துண்டு. நான் அதைப் பறித்துவிட்டேன். பட்டப்பகலில், நான் கான்வென்ட்டில் படித்தவள், சங்கத்துச் செக்ரட்டரி, ஒரு ஆம்பளை கையில் இருந்து எண்ணெய்த் துணியைப் பிடுங்குகிறேன். “யம்மா, யம்மா, என்னம்மா” என்கிறான். சொன்னேன். என் மைனி சாகக் கிடக்கிறார், இது அவர் சேலை, பட்டாளத்துச் சேலை, யுத்தத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டினவர் என்று சொன்னேன். அந்த வார்த்தையை வெளி ஆள் முன்னால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. செட்டில் இருந்தவர்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள்.

“பொம்பளையா? அந்தக் காலத்துலயா? என்ன வண்டிம்மா ஓட்டினாங்க?” என்றான் மெக்கானிக்.

“வண்டிதான்” என்றேன்.

“இல்லம்மா, என்ன மாதிரி வண்டி? கியரு எங்கே இருக்கும்னு ஏதாவது சொல்லியிருக்காங்களா?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது.”

“அவங்க உங்களுக்கு என்ன வேணும்?”

“நாத்தனார். ஒரே வீட்டிலேதான் இருக்கோம்.”

“ஓ” என்றான். அந்த ஓவுக்கு என்ன அர்த்தம் அம்மா? நாத்தனாரோடு யாராவது கியரைப் பற்றிப் பேசுவார்களா?

ஆனால் ஆள் நல்லவன். இருக்கிற துண்டை எல்லாம் தேடி எடுத்துக் கொடுத்தான். ஒன்று மட்டும் ஏதோ லாரியோடு தூத்துக்குடிக்குப் போய்விட்டதாம். சும்மா வாங்கிக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை, அவனுக்கும் துடைக்கத் துணி வேண்டுமே. பையில் இருந்த வெள்ளைச் சேலையை எடுத்துக் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, “இது வழவழன்னு இருக்கு, எண்ணெய் இழுக்காதும்மா” என்றான். வாங்கிக்கொள்ளவில்லை. நான் டூல்ஸ் பெட்டி மேலே போட்டுவிட்டு வந்துவிட்டேன். கொப்பரையையும் வைத்துவிட்டு வந்திருக்கலாம். இந்தத் துண்டுகளை எடுத்துக்கொண்டு வர ஒரு சாமான் வேண்டுமே.

பாருங்கள், மூடியைத் திறக்கிறேன். மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். இதுதான் சேலை.

இல்லை, நான் அழவில்லை. எனக்கு அழ நேரம் இல்லை. ஊசி நூல் எப்போதும் என் பர்ஸில் இருக்கும், அது கான்வென்ட்டுப் பழக்கம். சிஸ்டர் பெர்னதெத் என்று ஒருத்தி, ஊசி இல்லாத பெண்ணை வகுப்புக்குள்ளே விடமாட்டாள். தையலில் நான் முதல் பரிசு வாங்கினவள். இதை இப்போதே சேர்த்துத் தைத்துவிடுவேன். கங்கைகொண்டான் வருவதற்குள் பாதி முடிந்துவிடும். பெட்டிக்குள் யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள்? இடுப்புக்குக் கீழே பூவைப் போட்டு மூடிவிடலாம். இந்த எண்ணெய் வட்டம் இருக்கிற துண்டை உள்பக்கம் கொடுத்துவிடலாம். மேலே வில்லையைக் குத்திவிடலாம். வில்லை இருக்கிறது, இதோ. பாத்திரக்காரன் அதைத் தொடவில்லை, பழைய பித்தளை எடுப்பதில்லையாம். பாருங்கள், எப்படி மின்னுகிறது. கை விழுந்த பிறகும் இடது கையால் தேய்த்திருக்கிறார்.

நீங்கள் இந்த ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இழுத்துப் பிடிக்க வேண்டாம். ஆ, அப்படித்தான். இந்த டிரைவருக்கு ஒரு குழியும் தப்பக் கூடாது.

இங்கே பாருங்கள் இந்த இடத்தை. இது கிழிந்த இடம் என்று சொன்னால் நம்புவீர்களா? இழை ஓட்டியிருக்கிறது. குறுக்கே ஒரு இழை மேலே, ஒரு இழை கீழே, துணி நெய்கிற மாதிரியே. நூல்கூட அதே காக்கியில் இருந்து உருவி எடுத்த நூல். எங்கள் கான்வென்ட்டில் இப்படி ஒருத்திக்கும் வராது. எனக்கும் வராது, சொல்லிவிடுகிறேன். இதோ இன்னொன்று. இதோ. அந்தப் பாத்திரக்காரன் ஓட்டை என்றானே, எங்கே ஓட்டை? விரலை விட்டுப் பாருங்கள். ஒன்றுகூடக் கிடையாது. பாவி, எண்ணெய் துடைக்கிறதுக்கா இது? மைனி அன்றைக்கே சொன்னார். அதுல ஓட்டை கிடையாது, கிழிஞ்ச இடம் பூரா நானே இழை ஓட்டியிருக்கேன் என்று.

என்ன கேட்டீர்கள்? பஸ் சத்தத்தில் கேட்கவில்லை.

ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதான் சொன்னேனே, வாசலில் கட்டில், காலடியில் பாத்திரக்காரன். அவன் உதறினதையும் பார்த்தார், நான் மூட்டையில் போட்டதையும் பார்த்தார். பார்த்ததால்தானே ஓட்டை இல்லை என்று சொன்னார்.

ஏன் அம்மா என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்?

பேரத்துக்கு உதவுகிறார் என்றுதான் நினைத்தேன். வேறு என்னவென்று நினைப்பது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே. நான் என்ன பேயா, வேண்டாம் என்றால் கொடுத்திருப்பேனா.

கொடுத்திருப்பேன். பாச்சை இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்திருப்பேன்.

டாக்டர் புத்தி தடுமாற்றம் என்று சொல்லவில்லை. இப்போது நினைத்துப் பார்க்கிறேன், அவர் கையையும் காலையும்தான் சொன்னார், நுரையீரலில் நீர் என்றார். புத்தியைப் பற்றிச் சொன்னது நான்தான். வெளுக்கப் போயிருக்கு என்றதும் எனக்கு அப்படித் தோன்றிவிட்டது. புத்தி தடுமாறினவர், புளோராதான் போட்டா என்று பெயரைச் சரியாகச் சொல்வாரா? தம்பி முகத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துச் சொல்வாரா? வரும் என்றாரே. அது யாரிடம் சொன்னது?

ஊசியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தைக்கத் தெரியுமா? தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எட்டி எட்டிப் போட்டாலும் போதும். இப்போது இது பெட்டிக்குள் போகிறதற்கு இல்லை. கண்ணைத் திறந்திருக்கும்போதே அவர் மேலே போர்த்த வேண்டும். அந்த இடது கையில் கொடுக்க வேண்டும். வெளுத்து வந்துவிட்டது மைனி, முந்தானை மட்டும் இல்லை, அது எங்கே போயிற்று என்று நீங்களே சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு வார்த்தையாகத்தான் சொல்லட்டும். நான் நிற்கிறேன். பாதியில் கஞ்சி கொண்டுவர மாட்டேன்.

எதற்கு நிறுத்துகிறான்? தாழையூத்தா? இறங்குகிற ஆள் யார்? ஒருத்தரும் இல்லை, ஏறுகிறவர்களும் இல்லை, கீழே நின்று எவனோடோ பேசிக்கொண்டிருக்கிறான் பாருங்கள். கொப்பரையைப் பிடியுங்கள் அம்மா. மூடி விழுந்தால் விழட்டும், விடுங்கள். வழி விடுங்கள், நான் முன்னால் போகிறேன்.

டிரைவர் அண்ணாச்சி, ஏறி வண்டியை எடுங்க. இது ஆஸ்பத்திரிக்குப் போற வண்டி.